பெற்ற தாயும் வளர்த்த தாயும்

தமிழர் இருவர் எங்குச் சந்தித்தாலும் முதலில் எழும் வினா, “தங்கள் சொந்த ஊர் எது?” என்பதுதான். தாராவியில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பத்துப் பிள்ளையும் “திருநெல்வேலிப் பக்கம்” என்றே விடை சொல்லும். கோடை விடுமுறையில் பத்து நாள் பாட்டி வீட்டில் தங்கியதைத் தவிர அப்பிள்ளைக்குத் திருநெல்வேலி தெரியாது. மாட்டுங்காவில் பிறந்த பிள்ளை பாலக்காடு என்றோ கும்பகோணம் என்றோ சொல்லும். செம்பூர்க் காலனிகளில் வளர்ந்து, இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் மெல்போர்னிலும் குடியிருப்போரின் பிள்ளைகளைக் கேட்டால், அவர்கள் சற்றுத் தயங்கிப் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கூறும் விடை பொய்யன்று. முழு மெய்யும் அன்று. உறவாடும் பேச்சில் இதனால் எவருக்கும் இழப்பில்லை.

ஆனால் ஒரு துறையில் இவ்வினாவிற்கு ஒரே விடைதான் கூற இயலும். அதையும் எழுத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெரும்பாலும் மீசை அரும்பும் பருவத்திலேயே இட வேண்டும். அதுதான் நாடுகளுக்கிடையே நடைபெறும் கால்பந்தாட்டம். இரு நாடுகளின் உரிமை பெற்ற இளைஞனை, “எங்கள் அணிக்கு வா” என்று இரு நாடுகளும் அழைக்கின்றன. சில வேளைகளில் மூன்று நான்கு நாடுகளும் அழைப்பதுண்டு. இவ்வழைப்பின் வரலாறு நாம் எண்ணுவதினும் பழையது. அதன் ஒரு கிளை நம் பம்பாயிலேயே ஓடியிருக்கிறது என்பதும் பலரறியாத செய்தி.

முதலில் விதியைப் பார்ப்போம். உலகக் கால்பந்தாட்டத்தை ஆளும் பிபா, ஒருவன் ஒரு நாட்டிற்காக ஆட வேண்டுமெனில் அந்நாட்டின் குடியுரிமை அவனுக்கு இருக்க வேண்டும் என்கிறது. அக்குடியுரிமையை அவன் புதிதாகப் பெற்றிருந்தால், அவனோ, அவனைப் பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ அந்நாட்டு மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அங்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் பேரனின் காலுக்கு இத்துணை மதிப்புத் தரும் என்று எந்தப் பாட்டியும் கனவில்கூட நினைத்திருக்கமாட்டாள்!

இவ்விதிகள் இல்லாத காலமும் ஒன்றிருந்தது. லூயிஸ் மோன்டி என்பவர் 1930ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிற்காக ஆடித் தோற்றார்; 1934ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காக ஆடி வென்றார். இத்தாலியிலிருந்து தென் அமெரிக்காவில் குடியேறியோரின் மக்களை இத்தாலி திரும்ப அழைத்துக்கொண்டது. ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ அர்ஜென்டினாவிற்கும் பின்னர் ஸ்பெயினுக்கும் ஆடினார். ஹங்கேரியின் மாவீரர் புஷ்காஷ் 1962ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சட்டையணிந்து உலகக் கோப்பைக்கு வந்தார். ஒரு நாட்டிற்கு ஆடியவர் மற்றொரு நாட்டிற்கு மாறலாகாது என்னும் கடுமை இதன் பின்னரே வலுப்பெற்றது.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1961ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வரை கோவா போர்த்துக்கலின் ஆட்சியில் இருந்தது. கோவாவில் பிறந்தவர் அந்நாளைய சட்டப்படி போர்த்துக்கலின் குடிமக்கள். ஆனால் பிழைப்பும் படிப்பும் தேடிப் பல்லாயிரவர் பம்பாய்க்கே வந்தனர். ஊரின் பெயரால் மன்றங்கள் அமைத்து ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். திருநாளுக்கு ஊர் சென்று மீண்டனர். நம்மவர் வாழ்க்கையோடு அவர்கள் வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் முயல வேண்டியதில்லை. அவர்கள் தங்களுடன் கொண்டுவந்த செல்வங்களுள் கால்பந்தாட்டமும் ஒன்று.

பார்ச்சுனாட்டோ பிராங்கோ 1937ஆம் ஆண்டில் கோவாவின் கொல்வாளே என்னும் சிற்றூரில் பிறந்தவர். சிறு பிள்ளையாகப் பம்பாய்க்கு வந்து, இந்நகரத்து மைதானங்களில் ஆடி வளர்ந்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் பிறந்த ஊரில் அன்று பறந்தது போர்த்துக்கலின் கொடி. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கம் வென்றபோது அவர் அணியின் நடுக்களத்தில் நின்றார். இடைப்பட்ட அவ்விரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய பிறந்த ஊரே இந்தியாவிற்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதே காலத்தில் போர்த்துக்கல் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. மொசாம்பிக்கிலிருந்து மாரியோ கொலூனா சென்றார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் யூசேபியோ லிஸ்பனில் வந்திறங்கினார். 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் போர்த்துக்கல் மூன்றாமிடம் பெற்றது. யூசேபியோ ஒருவரே ஒன்பது கோல் அடித்தார். சட்டப்படி பார்த்தால் மொசாம்பிக்கின் பிள்ளைக்கும் கோவாவின் பிள்ளைக்கும் வேறுபாடில்லை. இருவரும் லிஸ்பனுக்கே உரியவர். ஆயினும் ஒருவனை லிஸ்பன் கப்பலும் வானூர்தியும் ஏற்றி அழைத்தது. மற்றவனைப் பம்பாய் ரொட்டியும் வேலையும் மைதானமும் கொடுத்து வைத்துக்கொண்டது. பிராங்கோ டாட்டா நிறுவனத்தின் அணியிலும் மேற்கு ரயில்வே அணியிலும் ஆடினார். அந்நாளில் பம்பாயின் பெரிய நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு வேலை தந்தன. மாலையில் ஆட்டம், மாத இறுதியில் ஊதியம். ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் நாட்டுரிமையை இத்தகைய எளிய காரணங்கள் முடிவுசெய்த அளவிற்குச் சட்டநூல்கள் முடிவுசெய்ததில்லை என்பது என் கருத்து.

அதே தலைமுறையில் நம்மவர் ஒருவரும் இருந்தார். எஸ். எஸ். நாராயண் 1934ஆம் ஆண்டில் பாலக்காட்டுப் பக்கத்து ஒற்றப்பாலத்தில் பிறந்தார். குடும்பம் பம்பாய்க்கு வந்தது; மாட்டுங்கா மைதானங்களில் அவர் ஆடத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் கோல் காவலராக இடம்பெற்றார். தமிழ்ப் பெயர் கொண்ட மற்றொரு கோல் காவலரான பீட்டர் தங்கராஜும் அவ்விரு அணிகளிலும் இருந்தார். அவர் பிறந்தது ஐதராபாத்தில். நாராயண் 2021ஆம் ஆண்டில் காலமானார். அவர் பெயரை நம் காலனிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர் என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டபின் வருந்தவும் நேரலாம்.

மெல்போர்ன் ஆட்டத்தைச் சற்று நின்று பார்ப்பது நலம். பின்னர் நாம் கூறப்போகும் கதைக்கு அது வேர். 1956ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இந்தியா ஆஸ்திரேலியாவை எதிர்த்தது. ரகீம் அவர்களின் பயிற்சியில் வளர்ந்த அணி அது. கோவா வழியினரும் பம்பாய் டாட்டா அணியின் வீரருமான நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. இந்தியா நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஆசிய நாடொன்று அங்ஙனம் சென்றது அதுவே முதன்முறை. பின்னர் யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காமிடத்துடன் திரும்பியது. அன்று ஆஸ்திரேலியா இந்தியாவிடம் கால்பந்தில் தோற்கும் நாடு. இந்தியப் பாட்டனுடைய பேரன் எந்த நாட்டுக்கு ஆடுவான் என்னும் கேள்வி அன்று எழவில்லை.

இந்தியாவிற்கு அக்கேள்வி எழாத அதே காலத்தில் வேறொரு நாட்டில் அது உயிர்க் கேள்வியாக எழுந்தது. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிவந்த அல்ஜீரிய வீரர் சிலர் யாரும் அறியாமல் நாட்டைவிட்டு வெளியேறித் தூனிசை அடைந்தனர். விடுதலை இயக்கத்தின் அணியாக அவர்கள் ஆடலாயினர். அவர்களுள் ரஷீத் மெக்லூஃபி செந்த் எத்தியேன் கழகத்தின் மணியான வீரர், வயது இருபத்தொன்று, சில வாரங்களில் பிரான்சின் உலகக் கோப்பை அணியில் சுவீடன் செல்லவிருந்தவர். முஸ்தபா ஜிதூனியும் அங்ஙனமே. அவ்வணியைப் பிபா ஏற்கவில்லை. அவர்கள் உலகக் கோப்பையை இழந்தனர். பதிலாக நான்காண்டுகள் நாடில்லாத ஒரு நாட்டிற்காக ஆடினர். அல்ஜீரியா 1962ஆம் ஆண்டில் விடுதலை பெற்றதும் மெக்லூஃபி தம் பழைய கழகத்திற்கே திரும்பினார். அங்குள்ள மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். பெற்ற தாய்க்கும் வளர்த்த தாய்க்கும் இடையே நின்ற ஒருவர் இருவரிடத்தும் மதிப்பிழக்காமல் மீண்ட கதை இது. இவ்வாறு முடிந்த கதைகள் அரியன.

விதிகளை மாற்றியதிலும் அல்ஜீரியாவிற்குப் பங்குண்டு. பிரான்சில் பிறந்து வளர்ந்து, அந்நாட்டு இளையோர் அணிகளில் ஆடிய அல்ஜீரிய வழி இளைஞர் பெரியோர் அணியில் இடம் கிடைக்காமல் தேங்கினர். தாய்நாட்டிற்கு ஆடவும் விதி இடந்தரவில்லை. 2004ஆம் ஆண்டில் பிபா ஒரு வாயிலைத் திறந்தது: இருபத்தொரு வயதிற்குள் ஒருமுறை மாறிக்கொள்ளலாம் என்றது. அவ்வாயில் வழியே முதலில் சென்றவர் அல்ஜீரியாவின் அந்தர் யாகியா. 2009ஆம் ஆண்டில் வயது வரம்பும் நீங்கியது. 2020ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதிற்குள் பெரியோர் அணியில் மூன்று ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடியவரும், மூன்றாண்டு கழிந்த பின்னர், சில நிபந்தனைகளுக்குட்பட்டு மாறலாம் என்றாயிற்று.

இக்கடைசி மாற்றத்திற்கு முன் நேர்ந்த கொடுமையொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முனீர் எல் ஹத்தாதி ஸ்பெயினில் பிறந்த மொராக்கோ வழி இளைஞர். 2014ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், ஸ்பெயின் அவரை மாசிடோனியாவுடன் நடந்த தகுதி ஆட்டத்தின் இறுதியில் பதின்மூன்று நிமிடம் ஆடவைத்தது, பின்னர் அழைக்கவேயில்லை. அப்பதின்மூன்று நிமிடம் அவரை ஏழாண்டு கட்டிப்போட்டது. மொராக்கோவிற்கு ஆட அவர் விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று 2018ஆம் ஆண்டில் தோற்றார். புதிய விதி வந்தபின் 2021ஆம் ஆண்டில்தான் விடுபட்டார். நாடுகள் இளைஞரைப் போட்டியிட்டு அழைக்கும்போது, தமக்கு வேண்டும் என்பதற்காகவன்றிப் பிறருக்குக் கிடைக்கலாகாது என்பதற்காகவும் அழைப்பதுண்டு என்று சொல்லப்படுவது முற்றும் அவதூறன்று.

ஆனால் மொராக்கோ சும்மா இருந்து அழுத நாடன்று. ஸ்பெயின், பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நாடுகளில் தன் குடிகளின் பிள்ளைகள் ஆடும் மைதானங்களுக்கு ஆளனுப்பியது. பெற்றோரைக் கண்டு பேசியது. இளையோர் அணியிலிருந்தே இடம் கொடுத்தது. உள்நாட்டிலும் பெரியதொரு பயிற்சிக் கூடம் நிறுவியது. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்ற அதன் இருபத்தாறு வீரரில் பதினால்வர் வெளிநாடுகளில் பிறந்தோர். அவருள் அஷ்ரப் ஹக்கீமி மாட்ரிட் நகரில் பிறந்தவர். அவர் அடித்த பெனால்டியே ஸ்பெயினை வெளியேற்றியது. ஆப்பிரிக்க நாடொன்று முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. எனினும் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவதில்லை. மொராக்கோத் தந்தைக்குப் பார்சிலோனா அருகே பிறந்த லாமின் யமாலை இரு நாடுகளும் வேண்டின; அவர் 2023ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், ஸ்பெயினையே தேர்ந்தார்.

இப்பொழுது நம் நாட்டிற்கு வருவோம். இந்திய அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் ஒரு கருத்தில் உறுதியாக நிற்கின்றன: தம் விருப்பத்தால் வேறு நாட்டின் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர். 2005ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, பெயரில் குடிமகன் என்றிருப்பினும், குடியுரிமை தருவதன்று, வந்துபோகவும் தங்கவும் வழி தருவது, வாக்குரிமை தாராது. நம் குடும்பங்களில் அவ்வட்டை வைத்திருப்போர் பலர் இருப்பதால் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இருப்பினும் விளையாட்டில் சில காலம் நெகிழ்ச்சி இருந்தது. அதற்குச் சான்று ஒரு தமிழ்க் குடும்பமே. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமையுடனேயே 2003ஆம் ஆண்டு முதல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவிற்காக ஆடினார். 2008ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியக் குடிமக்களே நாட்டின் அணிகளில் ஆடலாம் என்று விளையாட்டு அமைச்சகம் ஆணையிட்டது. பிரகாஷுக்கு வாயில் அடைந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஸ்குவாஷ் வீரர் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றம் சென்றார். 2010ஆம் ஆண்டில் நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. நியூகாசில் கழகத்தில் ஆடிய மைக்கேல் சோப்ரா, தந்தை வழியில் இந்தியர். இந்தியாவிற்கு ஆட விரும்பினார். பிரித்தானியக் குடியுரிமை குறுக்கே நின்றது. 2014ஆம் ஆண்டில் கேரள அணியில் ஆடிவிட்டுச் சென்றார். இந்தியச் சட்டையை அவர் அணியவில்லை.

தடையைத் தாண்டியவர் ஒருவர் உண்டு. இசுமி அராத்தா ஜப்பானியத் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் பிறந்தவர். இந்தியா வந்து கல்கத்தாவிலும், நம் நகரத்து மகிந்திரா யுனைடெட் கழகத்திலும், பின்னர்ப் புனேயிலும் ஆண்டுக்கணக்கில் ஆடினார். ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனாகி, 2013ஆம் ஆண்டில் இந்தியாவிற்காகக் களமிறங்கினார். அப்போது அவர் வயது முப்பதைத் தொட்டிருந்தது. கால்பந்தாட்டத்தில் முப்பது வயது என்பது மாலைப்பொழுது.

நம் சட்டம் தவறு என்று நான் கூற வரவில்லை. ஒரே நாட்டிற்கு உரியவனாக இரு என்று கேட்கும் சட்டத்திற்கும் ஒரு நியாயமுண்டு. பிரிவினையின் புண் ஆறாத காலத்தில் எழுதப்பட்ட நியாயம் அது. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கோவாவில், ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், சிங்கப்பூர் இந்தியாவை இரண்டுக்கு ஒன்று என வென்றது. அவ்விரண்டு கோலையும் அடித்தவர் சோங் உய் யோங், கொரியாவில் பிறந்தவர். இளைஞராகச் சிங்கப்பூருக்கு வந்து அங்கேயே கழகத்தில் வளர்ந்து, 2021ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடிமகனானவர். ஆகவே பூட்டு சட்டத்தில் மட்டும் இல்லை.

மகாபாரதத்தில் குந்தி கர்ணனைத் தேடி வருகிறாள். எப்பொழுது வருகிறாள்? ஆற்றில் விட்ட பிள்ளை அழுதபோது வரவில்லை. தேரோட்டி வீட்டில் வளர்ந்தபோது வரவில்லை. அரங்கில் குலம் கேட்டு அவமதித்தபோதும் வாய் திறக்கவில்லை. போர் வாயிலில் நிற்கும்போது வருகிறாள். “நீ என் மகன்” என்கிறாள். அவள் சொல்வது உண்மைதான். கர்ணனும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை நாம் அறிவோம். ஒரு பையனின் பாட்டனார் பிறந்த ஊரை இணைப்பாகக் காட்டி, இருபத்தைந்து வயதில் அவனை அழைக்கும் நாடுகளைக் காணுந்தோறும் எனக்கு இக்காட்சியே நினைவிற்கு வருகிறது. எட்டு வயதில் அவனுக்குப் பந்து கொடுத்தது யார், மழையில் நின்று பயிற்சி தந்தது யார், முழங்கால் உடைந்தபோது மருத்துவம் பார்த்தது யார் என்னும் கேள்விகளுக்குப் பின்னரே குலம் பற்றிய கேள்வி வருதல் முறை.

குலச் சான்றிதழையே பெரிதாக நம்பிய மலேசியாவின் நிலை இதற்கு அண்மைச் சான்று. 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலேசியா வியட்நாமை நான்குக்குச் சுழியம் என வென்றது. தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடிவந்த எழுவர், மலேசியாவில் பிறந்த பாட்டன் பாட்டியர் வழியினர் என்று சேர்க்கப்பட்டிருந்தனர். ஆராய்ந்தபோது அப்பாட்டன் பாட்டியர் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், ஹாலந்து நாடுகளில் என்று தெரிந்தது. சான்றிதழ்கள் திருத்தப்பட்டவை என்றது பிபா. செப்டம்பரில் மலேசியக் கூட்டமைப்பிற்கு மூன்றரை லட்சம் சுவிஸ் பிராங்கு தண்டம் விதித்தது. எழுவருக்கும் ஓராண்டுத் தடை. இதே மலேசியாவிற்கு ஒரு காலத்தில் எம். சந்திரன் அணித் தலைவராக இருந்தார். ‘சிலந்தி மனிதர்’ எனப் பாராட்டப்பெற்ற ஆர். ஆறுமுகம் கோல் காத்தார். ஒலிம்பிக்கிற்கு அந்நாடு தகுதி பெற்ற காலம் அது. அவர்களை எந்தப் பாட்டியின் சான்றிதழும் கொண்டுவரவில்லை; அந்நாட்டுத் திடல்களே வளர்த்தன.

வங்காள தேசமோ நேர்வழியில் வென்றது. இங்கிலாந்தில் பிறந்து, லெஸ்டர் கழகத்தில் வளர்ந்து, இங்கிலாந்தின் இளையோர் அணியிலும் ஆடிய ஹம்சா சவுத்ரி, தாய்வழி உரிமையால் அந்நாட்டிற்கு ஆட 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பிபா இசைந்தது. வங்காள தேசத்தின் சட்டம் அவருடைய பிரித்தானியக் குடியுரிமையைக் கேட்கவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஷில்லாங்கில் அவருடைய முதல் ஆட்டம் இந்தியாவுக்கு எதிராகவே அமைந்தது; கோலின்றி முடிந்தது. நவம்பர் 18ஆம் நாள் டாக்காவில் மீண்டும் சந்தித்தனர். ஆசியக் கோப்பை வாய்ப்பை இரு அணிகளும் முன்னரே இழந்திருந்தபோதிலும் அரங்கம் நிறைந்திருந்தது. வங்காள தேசம் ஒரு கோலால் வென்றது. இந்தியாவை அது வென்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று டாக்காவில் இந்தியாவிற்காக ஆட வேண்டும் என்று சென்றும் ஆட இயலாதவர் ஒருவர் உண்டு. அவருடைய கதையில்தான் நம் நகரம் மீண்டும் வருகிறது. ரயன் வில்லியம்ஸ் 1993ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தாய்வழியில் அவர் பம்பாய் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினர். தாய்வழிப் பாட்டனார் லிங்கன் குரோஸ்டேட் 1956ஆம் ஆண்டுச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பம்பாய்க்காக ஆடியவர். ஆம், நெவில் டிசோசா மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் வலைக்குள் மூன்று முறை பந்தை அனுப்பிய அதே 1956ஆம் ஆண்டுதான்! அக்குடும்பம் பின்னர் கடல் கடந்தது. பேரர்களுள் மூத்தவரான ரீஸ், வேல்ஸ் நாட்டு இளையோர் அணியில் ஆடிப் பின்னர் ஆஸ்திரேலியாவின் அணியில் இடம்பெற்றார். ரயனுடன் இரட்டையராகப் பிறந்த ஆரின், மணிப்பூரின் நெரோக்கா கழகத்தில் ஆடிச் சென்றார். ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகளைச் சுற்றி எத்தனை கொடிகள்!

ரயன் 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற்காகத் தென் கொரியாவுடன் ஒரே ஆட்டம் ஆடினார். அது நட்பு ஆட்டமாதலால் அவரைக் கட்டவில்லை. 2023ஆம் ஆண்டில் பெங்களூருக் கழகத்திற்கு வந்தார். இரண்டாண்டு இங்கு ஆடியபின் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தார். 2025ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டு அவர் கைக்கு வந்தது. அகவை முப்பத்திரண்டு. அணியுடன் டாக்கா சென்றார். ஆயின் சங்க மாற்றத்திற்கான இசைவு உரிய நேரத்தில் வராமையால் களத்திற்கு வெளியே நின்றார். பிபாவின் இசைவு ஆட்டம் முடிந்த பின்னரே வந்தது.

நம்மவர் பிள்ளைகளும் இவ்வழியில் இறங்கத் தொடங்கிவிட்டனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அடிலெய்டில் ஆஸ்திரேலியா சீனத்தை மூன்றுக்கு ஒன்று என வென்றபோது, மூன்றாம் கோலை அடித்த இளைஞரின் முதுகில் எழுதியிருந்த பெயர் வேலுப்பிள்ளை. நிஷான் வேலுப்பிள்ளை மெல்போர்னில் வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவிற்காக அது அவருடைய முதல் ஆட்டம். இரட்டைக் குடியுரிமைக்கு இடந்தரும் இலங்கையோ, ஜெர்மனியில் வளர்ந்த வசீம் ரசீக் போன்ற வெளிநாட்டு இளைஞரை அண்மை ஆண்டுகளில் தேடிச் சேர்த்துக்கொண்டது.

வெளிநாட்டில் பேரன் பேத்தி பிறந்திருக்கும் அன்பர்கள் சட்டத்தின் ஒரு சிறு பிரிவை அறிந்துவைத்தல் நலம். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, வேறு கடவுச்சீட்டு அதற்கில்லை என்று உறுதி கூறி, ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால், அது இந்தியக் குடியுரிமை பெறும். பிறந்த நாட்டின் குடியுரிமையும் பிறப்பாலேயே அதற்கு வாய்த்திருந்தால், பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் மற்றதைத் துறக்க வேண்டும். துறவாவிடில் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். யமாலுக்குப் பதினெட்டு நிறைந்தது 2025ஆம் ஆண்டு ஜூலையில். ஸ்பெயினுடன் அவர் ஐரோப்பியக் கோப்பையை வென்று அப்போது ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது.